அடியிற் கண்ட மொத்தம்

நம்மவர் கணக்கெழுதும் முறையில் ஒரு சிறு சொல்லுக்குப் பெரிய அதிகாரம் உண்டு. வரவுகளையோ செலவுகளையோ ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு வந்து, இறுதியில் ஒரு கோடு கிழித்து, "ஆக" என்று எழுதி, அதற்கு நேரே ஒரு தொகையைப் பெய்துவிட்டால், அவ்வளவில் வழக்குத் தீர்ந்தது. மேலே நாற்பது வரிகள் இருப்பினும், படிப்பவர் கண் அவற்றின்மீது நில்லாது வழுக்கி, அடியில் நிற்கும் அவ்வொரு தொகையிற் சென்று தங்கும். கடைக்காரர் அதைக் கொண்டே இலாபம் பேசுவர். சங்கத்துக் காரியதரிசி அதைக் கொண்டே ஆண்டறிக்கை வாசிப்பர். கடன் கொடுப்போரும் அதைக் கொண்டே கடன் கொடுப்பர். அடித்தொகையை ஐயுறுவது அதை எழுதியவரையே ஐயுறுவது போலத் தோன்றுமாதலின், பெரும்பாலோர் அதனைக் கேள்வியின்றி ஒப்புக்கொள்கின்றனர். இவ்வழக்கம் நம் காலத்தில் முன்னினும் கேடு பயப்பதாயிற்று என்பது எம் கருத்து. அதனை விளக்கவே இதனை எழுதப் புகுந்தோம்.

பேரேட்டின் இடத்தைக் கணிப்பொறி கைக்கொண்டு நெடுநாளாயிற்று. 1979-ஆம் ஆண்டில் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் இயற்றிய விசிகால்க் என்னும் விரிதாளில், ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த மொத்தமெல்லாம் தாமே மாறும் புதுமையைக் கண்டு வணிகர் வியந்தனர். 1985-இல் எக்ஸெல் வந்தது. இன்றோ, பவர் பி.ஐ., டேப்லோ, நம் சென்னையிலிருந்தே வளர்ந்த நிறுவனத்தாரின் ஜோஹோ அனலிடிக்ஸ் முதலிய வணிகத் தரவு ஆய்வுக் கருவிகள் சிறு கடைகளுக்குள்ளும் புகுந்துவிட்டன. இவற்றில் நிரைகளையும் நிரல்களையும் குறித்துவிட்டால் போதும். அட்டவணை தானே அமைந்து, ஒவ்வொரு நிரலின் அடியிலும் மொத்தமும் வந்து நிற்கும். (இடமிருந்து வலமாகச் செல்வது நிரை, மேலிருந்து கீழாக இறங்குவது நிரல். நம் கணித நூல்களின் வழக்கையே யாமும் மேற்கொள்கின்றோம்.) கூட்டும் உழைப்பு நீங்கியது. அவ்வுழைப்போடு, கூட்டுகின்றவன் மனத்தில் எழும் ஐயமும் நீங்கியதே யாம் அஞ்சுவது.

நம் கல்லூரியின் பழைய மாணவரும் எம் நண்பருமாகிய ஒருவர் ஆழ்வார்பேட்டையில் பலகாரக் கடை நடத்துகின்றார். முன்னாளில் மௌப்ரேஸ் சாலை எனப்பட்டு, இருமுறை இந்திய நிதியமைச்சராயிருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியார் பெயரைப் பின்னர் ஏற்ற டி.டி.கே. சாலையினின்று பிரியும் ஒரு தெருவில் அவர் கடை உளது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அதன் கிளைகள் உள. மார்கழி மாதத்தில் சபைகளிற் பாட்டுக் கேட்டு வருவோர் கூட்டம் அவர் கடையில் நெருங்கி நிற்கும் காட்சியைப் பலரும் கண்டிருப்பர். அண்மையில் அவர் ஓர் ஆய்வுக் கருவியை வாங்கி, மூன்று கடைகளின் கணக்கையும் அதில் ஏற்றினார். எளிதில் விளங்கும்பொருட்டு எண்களை முழுமையாக்கி எழுதுகின்றோம். ஒரு மாதத்தில் ஆழ்வார்பேட்டையில் விற்பனை ரூ. 2,00,000; இலாப வீதம் நூற்றுக்கு 20. மயிலாப்பூரில் விற்பனை ரூ. 4,00,000; வீதம் 10. வாடகை மிகுந்த தியாகராய நகரில் விற்பனை ரூ. 10,00,000, வீதம் 6. அட்டவணையில் இரண்டே நிரல்கள்: ஒன்று விற்பனை, மற்றொன்று வீதம். இலாபத்தை ரூபாயிற் காட்டும் நிரலைத் தாளில் இடம் போதாதென்று அவர் விட்டுவிட்டார்.

விற்பனை நிரலின் அடியிற் கருவி 16,00,000 என்று காட்டியது. அது சரியே. வீத நிரலின் அடியில் 36 என்று காட்டியது. பலகாரக் கடையில் நூற்றுக்கு முப்பத்தாறு இலாபமென்பது நகைப்புக்கிடமானதென்று நண்பர் உடனே கண்டுகொண்டார். கருவியில் மொத்தம் எம்முறையில் வரவேண்டும் என்று குறிக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, "கூட்டல்" என்றிருந்ததைச் "சராசரி" என்று மாற்றினார். 36 மறைந்து 12 தோன்றியது. பன்னிரண்டு என்பது நகைப்புக்கிடமானதன்று. ஒரு பலகாரக் கடைக்குப் பொருந்தக் கூடியதே. நண்பர் மனநிறைவுற்று எழுந்தார்.

அப்பன்னிரண்டை அவர் பதினாறு இலட்சத்தோடு பெருக்கினார். மாத இலாபம் ரூ. 1,92,000 என்று வந்தது. தாம் எண்ணியிருந்ததினும் மிகுதியாயிருக்கவே, ஆழ்வார்பேட்டைக் கடையை ஒட்டிய மூலை அறையை மாதம் ரூ. 30,000 வாடகைக்குப் பேசி முன்பணமும் கொடுத்தார். அடுப்படியில் நெடுநாள் உழைத்த எண்மருக்குப் பொங்கல் முதல் ஆளுக்கு ரூ. 2,500 சம்பளம் உயர்த்துவதாகவும் வாக்களித்தார். மாதத்திற்கு ஆக ரூ. 50,000 புதுச் செலவு.

மாலைவேளையில் வந்து கணக்குப் பார்க்கும் கணக்கப்பிள்ளை ஒருவர் அக்கடையில் உண்டு; எழுபது வயதைக் கடந்தவர். நண்பர் பெருமிதத்தோடு திரையைக் காட்டியபோது, அம்முதியவர் பார்த்துவிட்டு, "தம்பி, பன்னிரண்டு என்கிறீர்களே, அது எதிலே பன்னிரண்டு?" என்று கேட்டாராம். நண்பருக்கு விடை தோன்றவில்லை. முதியவர் ஒரு பழைய பற்றுச் சீட்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதினார். இரண்டு இலட்சத்தில் நூற்றுக்கு இருபது என்றால் ரூ. 40,000. நான்கு இலட்சத்திற் பத்து என்றால் அதுவும் ரூ. 40,000. பத்து இலட்சத்தில் ஆறு என்றால் ரூ. 60,000. ஆக இலாபம் ரூ. 1,40,000. அதனைப் பதினாறு இலட்சத்தால் வகுத்தால் நூற்றுக்கு 8.75. பன்னிரண்டு அன்று. நண்பர் தம்மிடம் இருப்பதாக எண்ணிய தொகைக்கும் உண்மையில் இருந்ததற்கும் வேற்றுமை மாதத்திற்கு ரூ. 52,000. அவர் ஒப்புக்கொண்ட புதுச் செலவு ஐம்பதினாயிரமும் இல்லாத பணத்தின்மேல் எழுப்பிய கட்டடமாக முடிந்தது.

இந்நிகழ்ச்சியில் நேயர்கள் ஊன்றி நோக்கவேண்டுவது ஒன்று. முப்பத்தாறும் பிழை, பன்னிரண்டும் பிழை. எனினும் முன்னது தன் பிழையைத் தானே கூவி அறிவித்தது. பின்னது நல்லவர் வேடம் பூண்டு வீட்டிற்குள் நுழைந்தது. தன்னைக் காட்டிக்கொள்ளும் பிழையினும் பொருத்தமாகத் தோன்றும் பிழை கொடியது. கருவியோ இரண்டையும் ஒரே எழுத்தில், ஒரே தடிப்பில், ஒரே கோட்டின் கீழ் அச்சிட்டது.

பன்னிரண்டு ஏன் பிழையாயிற்று? இரண்டு இலட்சம் விற்ற கடையும் பத்து இலட்சம் விற்ற கடையும் அச்சராசரியில் ஒரே எடை பெற்றன. ஆழ்வார்பேட்டையின் இருபது, தியாகராய நகரின் ஆறை ஐந்தில் ஒரு பங்கு வலிமையோடு எதிர்க்கவேண்டியது. முழு வலிமையோடு எதிர்த்துவிட்டது. நம் மாநிலக் கணக்கிலும் இதனைக் காணலாம். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு வீதம் 80.09. அப்போதிருந்த 32 மாவட்டங்களின் வீதங்களையும் கூட்டி 32-ஆல் வகுப்பவன் அவ்வீதத்தை முறைப்படி அடைந்தவனாகான். சென்னை மாவட்டத்தில் அன்று 46,46,732 மக்கள், பெரம்பலூரில் 5,65,223. இவ்விரண்டையும் ஒரு தட்டுக்கு ஒன்றாக வைத்து நிறுத்தல் தகாது. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளாருள் எழுத்தறிந்தோரை மாநிலம் முழுதும் கூட்டி, அவ்வயதுள்ளோர் தொகையால் வகுத்தலே வழி.

நிற்க. கணிப்பொறியைத் தொடாத இடத்தும் அடித்தொகை மாந்தரை ஏமாற்றும் என்பதற்கு, ஆழ்வார்பேட்டைக்கு அணித்தான போயஸ் தோட்டத்தில் வாழ்ந்த முன்னாள் முதலமைச்சர் செல்வி ஜெயலலிதாவைப் பற்றிய சொத்து வழக்கு சான்று. அவ்வழக்கின் நன்மை தீமைகளை ஆராய்வது எம் வேலையன்று. அதில் வந்த ஒரு கூட்டலே எமக்கு வேண்டுவது. 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-இல் பெங்களூர்த் தனி நீதிமன்றம் அவரையும் மற்ற மூவரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. 2015-ஆம் ஆண்டு மே 11-இல் கருநாடக உயர்நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது. அத்தீர்ப்பில், வருமானத்தோடு சேர்க்கத்தக்க கடன்கள் பத்து ஓர் அட்டவணையாக எழுதப்பட்டு, அடியில் மொத்தம் ரூ. 24,17,31,274 என்று காட்டப்பட்டிருந்தது. அப்பத்துத் தொகைகளையும் கூட்டிப் பார்த்தவர்களுக்கு வந்தது ரூ. 10,67,31,274. வேற்றுமை சரியாகப் பதின்மூன்றரைக் கோடி.

பதின்மூன்றரைக் கோடி ஒரு தாளின் அடியில் மிகுந்துவிட்டால் என்ன நேரும்? தீர்ப்பின்படி மொத்த வருமானம் ரூ. 34,76,65,654; சொத்து ரூ. 37,59,02,466, வருமானத்திற்கு மிஞ்சிய சொத்து ரூ. 2,82,36,812, அது வருமானத்தில் நூற்றுக்கு 8.12. நூற்றுக்குப் பத்து வரை மிகுவது பொறுக்கத்தக்கது என்னும் முந்தைய தீர்ப்பொன்று காட்டப்பட்டு, அதன் எல்லைக்குள் இது அடங்கியதாகக் கொள்ளப்பட்டது. அடித்தொகையைத் திருத்தினாலோ, வருமானம் ரூ. 21,26,65,654 ஆகக் குறையும், மிகுதி ரூ. 16,32,36,812 ஆக உயரும். வீதம் 76-ஐயும் கடந்துவிடும். ஒரு நிரலின் கூட்டல் எட்டை எழுபத்தாறாக்க வல்லது என்பதனை நம் மாணவர் தாமே தாளெடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். தீர்ப்பு வெளிவந்த சில நாட்களுக்குள்ளேயே அரசுத் தரப்பார் இதனைச் சுட்டினர். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-இல் உச்சநீதிமன்றம் விடுதலைத் தீர்ப்பை நீக்கியது. செல்வி ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-இல் மறைந்துவிட்டமையால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போயிற்று. உச்சநீதிமன்றத்தின் முடிவு இவ்வொரு கூட்டலை மட்டும் பற்றி நின்றதன்று என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிடுகின்றோம்.

இத்தகைய பிழையைப் போக்கவே கணிப்பொறி வந்தது என்பார் உளர். உண்மை. பத்துத் தொகைகளை எக்ஸெலில் இட்டுச் "சம்" என்னும் கட்டளையை எழுதினால் கூட்டல் தவறாது. ஆயின், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை என்று நாம் குறித்தோமோ அவ்வளவையே அது கூட்டும். பொருளியற் பேராசிரியர்களான கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோர் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு நாட்டின் அரசுக் கடன் அந்நாட்டு ஆண்டு உற்பத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறைக் கடந்தால் வளர்ச்சி குன்றிவிடும் என்பது அதன் சாரம். அரசுகள் செலவைச் சுருக்கவேண்டும் என்று வாதிட்டோர் பலரும் அதனை எடுத்துக் காட்டினர். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சியாக அக்கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை ஒத்து வரவில்லை. ஆசிரியரிடம் மூல விரிதாளை வேண்டிப் பெற்று நோக்கியபோது, இருபது நாடுகளின் சராசரியைக் காணவேண்டிய வாய்பாடு பதினைந்து நாடுகளோடு நின்றுவிட்டது தெரிந்தது. ஆங்கில அகரவரிசையில் முதலில் வரும் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விடுபட்டிருந்தன.

செய்தித்தாள்கள் இவ்வைந்து நாடுகளின் கதையையே பெரிதாக்கின. எமக்கோ அதே கட்டுரையில் மற்றொரு செய்தியே பெரிதாகத் தோன்றுகிறது. மிகுகடன் கொண்ட ஆண்டுகளாகப் பிரிட்டனுக்குப் பத்தொன்பது ஆண்டுகள் கணக்கில் இருந்தன. நியூசிலாந்துக்கு 1951 என்னும் ஓராண்டே இருந்தது. அவ்வாண்டு அந்நாட்டின் உற்பத்தி பெரிதும் வீழ்ந்த ஆண்டு. ஒவ்வொரு நாட்டிற்கும் முதலில் ஒரு சராசரி கண்டு, பின் அச்சராசரிகளின் சராசரியைக் கண்டமையால், நியூசிலாந்தின் ஓராண்டும் பிரிட்டனின் பத்தொன்பது ஆண்டுகளும் ஒரே எடை பெற்றன. எம் நண்பரின் இரண்டு இலட்சமும் பத்து இலட்சமும் பெற்ற எடையே இது! ஹெர்ண்டனும் அவர் ஆசிரியர் இருவரும் கணக்கைத் திருத்தி எழுதியபோது, −0.1 என்றிருந்த வளர்ச்சி வீதம் 2.2 ஆயிற்று. அவ்வேற்றுமையில் விடுபட்ட ஐந்து வரிகளின் பங்கு சிறிதே. வரி விடுபட்டதைப் பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டனர். எடையிட்ட முறையைப் பிழையென்று ஒப்பவில்லை. அதில் வியப்பில்லை. வரி விடுபட்டது கைப்பிழை. எடை எவ்வாறு இடுவதென்பது கருத்து. கருத்தைப் பொத்தான் அழுத்திக் காட்டும் கருவி இன்னும் வரவில்லை.

இங்ஙனம் கூறவே, அடியில் நிற்கும் எண் மேலுள்ளவற்றின் கூட்டலாக இல்லாவிட்டால் அது பிழையென்று மாணவர் கொண்டுவிடலாகாது. எம் நண்பரின் கருவியிலேயே மற்றோர் அட்டவணை இருந்தது. டிசம்பரில் வந்த வாடிக்கையாளர் 900, ஜனவரியில் 700, பிப்ரவரியில் 600, அடியில் 1,300. "மூன்றையும் கூட்டினால் 2,200 அன்றோ வரவேண்டும்? கருவி கெட்டுவிட்டது" என்று குமாஸ்தா முறையிட்டார். கருவி கெடவில்லை. அந்நிரல் எண்ணுவது வருகையையன்று, ஆட்களை. மார்கழிக் கச்சேரிக்கு வந்து பலகாரம் வாங்கியவரே ஜனவரியிலும் வந்திருந்தால் இரண்டு மாதங்களிலும் தனித்தனியே எண்ணப்படுவர். மூன்று மாதத்திற்கும் சேர்த்துக் கேட்கும்போது ஒரே ஆளாகவே எண்ணப்படுவர். பவர் பி.ஐ. போன்ற கருவிகளில் அடித்தொகைக்கான கணக்கு மேலுள்ள வரிகளைப் பார்த்துச் செய்யப்படுவதன்று. அதே வாய்பாட்டை, மாதம் என்னும் வரம்பை நீக்கி, மூலத் தரவு முழுவதன்மேலும் மீண்டும் ஓட்டிப் பெறப்படுவது. ஆதலின் அது மொத்தம் என்பதினும், "எல்லாவற்றிற்கும் சேர்த்துக் கேட்டால் விடை யாது" என்னும் வினாவின் மறுமொழி என்பதே பொருந்தும். இதனை அறியாத குமாஸ்தா சரியான விடையைத் திருத்தித் தவறான 2,200-ஐக் கையால் எழுதிவிடுவார். எழுதியும் இருந்தார்.

எக்ஸெலில் இன்னும் ஒரு குழி உண்டு. மயிலாப்பூர்க் கடை வரிகள் மட்டும் தோன்றுமாறு வடிகட்டிவிட்டு அடியைப் பார்த்தால், "சம்" என்னும் கட்டளை கண்ணுக்குத் தெரியாத வரிகளையும் சேர்த்தே மொத்தம் காட்டும். வடிகட்டி நின்றவற்றை மட்டும் கூட்டவேண்டின் "சப்டோட்டல்" என்னும் வேறு கட்டளை வேண்டும். அதிலும் 9 என்று எண்ணிட்டால், வடிகட்டலால் மறைந்தவை விடப்படும், கையால் மறைத்தவை கூட்டப்படும். 109 என்றிட்டால் இரண்டும் விடப்படும். எண்போல் தோன்றி எழுத்தாகப் பதிவாகிவிட்ட தொகைகளையோ "சம்" ஒலியின்றித் தாண்டிச் சென்றுவிடும். சரக்கு சேவை வரிக் கணக்கில் காசு ஒத்து வராமல் வருந்துவோரும் இதைப் போன்றதொரு செய்தியை அறிவர்: ரூ. 33.30 விலையுள்ள மூன்று பொருள்களுக்கு நூற்றுக்கு ஐந்து வரியைத் தனித்தனியே முழுமையாக்கிக் கூட்டினால் ரூ. 5.01; மொத்தத்திற்கு ஒருமுறை கணக்கிட்டால் ரூ. 5.00. இவற்றை விரித்தல் மிகையாகும்.

எந்நிரலைக் கூட்டலாம், எதைக் கூட்டலாகாது என்பதற்கு ஒரே விதி சொல்லிவிட இயலுமோ எனின், இயலாது. நம் விடுதிச் சாப்பாட்டுக் கணக்கையே பார்ப்போம். ஒரு திங்களில் நாள்தோறும் உணவுகொண்டோர் எண்ணிக்கை ஒரு நிரலாக எழுதப்படுகிறது. நாளொன்றுக்கு 120 பேர். முப்பது நாளைக்கும் கூட்டினால் 3,600. விடுதியில் 3,600 மாணவர் உளர் என்று ஒருவர் இதனைப் படித்தால் நகைப்போம். ஆயின் அத்திங்களின் செலவு ரூ. 3,60,000 என்று கொண்டு, அதனை அதே 3,600-ஆல் வகுத்தால், ஓர் ஆள் ஒரு நாள் உண்டதற்கு ரூ. 100 என்று வருகிறது. இருபத்தைந்து நாள் உண்டவன் ரூ. 2,500 கொடுக்கின்றான். பகிர்வு முறையில் நடக்கும் விடுதிகளெல்லாம் இக்கூட்டலின்மேலேயே நிற்கின்றன. ஒரே நிரல், ஒரே கூட்டல். ஆட்கள் எத்தனை என்ற வினாவிற்கு அது பிதற்றல், உணவு எத்தனை என்ற வினாவிற்கு அது சத்தியம். பண்டகசாலையில் மாத இறுதி அரிசி இருப்பும் அவ்வாறே. மூன்று விடுதிகளின் இருப்பை ஒரு நாளிற் கூட்டலாம். ஒரே விடுதியின் இருப்பை மூன்று மாதங்களுக்குக் கூட்டினால், ஒரே மூட்டையை மும்முறை எண்ணிய பெருமையே மிஞ்சும்.

ஆகவே நம் வணிகவியல், பொருளியல் வகுப்புகளைப் பற்றி யாம் ஒன்று சொல்லத் துணிகின்றோம். எமக்குத் தெரிந்த வினாத்தாள்களில் "கீழ்வரும் நிரலின் மொத்தம் காண்க" என்று கேட்கின்றனர், "கீழ்வரும் ஐந்து நிரல்களில் மொத்தம் காணத்தக்கவை எவை, காணத்தகாதவை எவை, ஏன்?" என்று கேட்கக் கண்டிலோம். முன்னதற்கு விடை சொல்ல இன்று மாணவர் வேண்டியதில்லை, கைப்பேசி போதும். பின்னதற்கே கல்வி வேண்டும். கருவியின் பொத்தான்களைக் கற்பிக்கும் சான்றிதழ் வகுப்புகள் நகரெங்கும் மலிந்துள்ளன, அவற்றை இகழ்கின்றோமல்லோம். எந்தப் பொத்தான் எங்குளது என்பது அடுத்த பதிப்பில் மாறிவிடும். பதினாறு இலட்சத்தையும் இரண்டு இலட்சத்தையும் எவ்வாறு ஒப்பிடுவது என்பது மாறாது.

கருவி செய்வோர்மீதும் எமக்கு ஒரு குறை உண்டு. டேப்லோவில் அடித்தொகைக்குத் "தானியங்கி", "கூட்டல்", "சராசரி", "சிறுமம்", "பெருமம்" என்று தெரிவுகள் உள. தெரிந்தெடுத்தவருக்கு அது தெரியும். அச்சிட்ட தாளைக் கையிற் பெறுபவருக்கு எவ்வாறு தெரியும்? எல்லா நிரல்களின் அடியிலும் "மொத்தம்" என்னும் ஒரே சொல் நிற்கிறது. எம்முறையால் வந்த எண் என்பதனை அவ்வெண்ணின் அருகிலேயே சிறிய எழுத்தில் அச்சிட்டால் என்ன இழப்பு? அழகு குன்றும் என்கின்றனர். மொத்தம் பொருளற்றதாகும் நிரலில் அடியை வெறுமையாக விட்டுவிடுதலும் நன்றே. வெற்றிடத்தைக் கண்டவன் "ஏன்" என்று கேட்பான். எண்ணைக் கண்டவன் கேளான்.

"தானியங்கியாக விட்டுவிட்டால் கருவியே சரியாகச் செய்துவிடுமே, இவ்வளவு ஆரவாரம் எதற்கு?" என்று கணிப்பொறித் துறையிற் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் எம்மை மறுத்தார். அவர் கூற்றிற் பாதி உண்மை. இலாபம், விற்பனை என்னும் இரண்டையும் கருவிக்குக் கொடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுக்கும் வாய்பாட்டையும் எழுதி வைத்தால், அடியில் அது தானே மொத்த இலாபத்தை மொத்த விற்பனையால் வகுத்து 8.75 என்று காட்டும். ஆனால் எம் நண்பர் செய்தது போல, வகுத்து முடித்த வீதத்தையே எண்ணாக ஏற்றிவிட்டால், அந்த இருபது எதனின்று பிறந்தது என்று கருவிக்கு எவ்வாறு தெரியும்? அதற்கு அது இருபது மூட்டையும் ஒன்றே, இருபது விழுக்காடும் ஒன்றே. எனவே வீதத்தை ஏற்றாது, அதனை ஈன்ற இரு தொகைகளையும் ஏற்றுவதே செய்யத்தக்கது. தாளில் இடம் போதாதென்றால் விடவேண்டியது வீதத்தையேயன்றி ரூபாயையன்று. இதனை அவரும் மறுக்கவில்லை. கொடுக்கப்படும் தரவு அவ்வாறு செவ்வையாக வருவது அரிதென்று தாமே நொந்துகொண்டார்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் நண்பரின் கடைக்கு ஒருமுறை சென்று வந்தோம். திரையில் இப்போது நான்கு நிரல்கள். வீத நிரலின் அடியில் "மொத்த இலாபத்தை மொத்த விற்பனையால் வகுத்தது" என்று ஒரு வரி எழுதப்பட்டுள்ளது. பார்ப்பதற்கு நீளமாகத்தான் இருக்கிறது. மூலை அறைக்குக் கொடுத்த முன்பணத்திற் பாதி திரும்பவில்லை. பொங்கலுக்கு வரவேண்டிய சம்பள உயர்வு வரவில்லை. சித்திரை முதல் ஆளுக்கு ரூ. 1,000 மட்டும் உயர்த்தியிருக்கிறார். அதனை அடுப்படியில் உள்ளோருக்கு எவ்வாறு சொன்னீர் என்று கேட்டோம். "கூட்டலில் தவறிவிட்டது என்று சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை" என்றார். கணக்கப்பிள்ளை அருகிலிருந்து பற்றுச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.